தோற்கட்டடத்துள் பஞ்சாங்கம்: திருப்பூர் வட்டாரத் தொகுதி ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சி

பஞ்சாங்கம் ஓராண்டுக் காலமே வாழ்தற்கென அச்சிடப்பெறும் நூல். பங்குனித் திங்களின் கடைசி நாளோடு அதன் பயன் முடிந்துவிடுகிறது. மறுநாள் புதிய பஞ்சாங்கம் மூலைகளில் மஞ்சள் தடவப்பெற்றுப் பூசையில் வைக்கப்பெறும்; பழையது பரணுக்கோ, பழந்தாள் வாங்குவோரிடத்துக்கோ சென்று சேரும். ஆகவே, பல்லாண்டுக்கு முற்பட்ட பஞ்சாங்கம் ஒன்று இன்று நம் கைக்கு எட்டுமாயின், யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணம் பற்றி அதனை அழியாது காத்தார் என்பது பொருள். அக்காரணம் பெரும்பாலும் எழுத்தில் இராது. நூலின் உடம்பிலேயே அதனைத் தேடுதல் வேண்டும். அங்ஙனம் தேடுவார்க்கு முதலில் கண்ணிற் படுவது கட்டடம். புத்தகத்தைத் தைத்து அட்டையிட்டுத் தோலோ துணியோ போர்த்தும் வேலையையே கட்டடம் என ஈண்டுக் குறிக்கின்றோம். தோற்கட்டடம் நமக்கு எவ்வளவு துணை செய்யும், எவ்வளவு வழி மயக்கும் என்பதை நாம் கண்ட ஒரு தொகுதியைக் கொண்டு ஆராய்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அவிநாசியை அடுத்த ஓர் ஊரில் பழம்பொருள் வாணிகர் ஒருவர் அத்தொகுதியை நமக்குக் காட்டினார். முதுகும் நான்கு மூலைகளும் செந்நிறத் தோல். எஞ்சிய பரப்பு அலைவரித் தாள் ஒட்டிய தடித்த அட்டை. முதுகின் குறுக்கே பொற்கோடுகள் ஐந்து. உள்ளே இரண்டு பஞ்சாங்கங்கள் சேர்த்துத் தைக்கப்பெற்றிருந்தன. பக்கத் தலைப்புக்களில் ஒன்று ‘தாது’ எனவும் மற்றது ‘ஈசுவர’ எனவும் பெயர் பெற்றிருந்தது. இரண்டிற்கும் மேலுறையும் முதற்சில ஏடுகளும் இல்லை. ‘தாது வருடப் பஞ்சத்துப் பஞ்சாங்கம் ஐயா, தோலைப் பார்த்தாலே தெரியவில்லையா?’ என்றார் வாணிகர். விலையும் அதற்கேற்றதாகவே இருந்தது.

அவர் கூற்று உண்மையாயின் அத்தொகுதி அரும்பொருளே ஆகும். 1876 முதல் 1878 முடியச் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்களைப் பெரிதும் நலியச் செய்தது. அது தொடங்கிய ஆண்டின் பெயராலேயே மக்கள் அதனை இன்றும் வழங்குகின்றனர். அந்நாளில் கொங்கு நாட்டு வீடொன்றில் புழங்கிய பஞ்சாங்கம், அதுவும் ஓரங்களிற் கையெழுத்துக் குறிப்புக்களோடு, கிடைக்குமாயின் வரலாற்றாசிரியர் எவரும் அதனை விட்டுவிடமாட்டார். நம் தொகுதியின் ஓரங்களிலோ கையெழுத்து உண்டு. ஆகலின் முடிவு செய்தற்கு முன் காலத்தை அறிதல் இன்றியமையாததாயிற்று.

பிரபவ முதல் அட்சய இறுதியாக உள்ள அறுபது ஆண்டுப் பெயர்களும் சுழன்று வருவன என்பதைத் தமிழறிஞர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. தாது அவற்றுள் பத்தாவது, ஈசுவர பதினோராவது. 1876–77இல் வந்த தாது 1936–37இல் மீண்டது, 1996–97இலும் மீண்டது. பெயர் ஒன்றை மட்டும் கொண்டு காலம் வரையறுத்தல், பாண்டியன் என்னும் பெயரை மட்டும் கொண்டு கல்வெட்டுக்குக் காலம் குறிப்பதை ஒக்கும். பஞ்சாங்கத்தின் முதல் ஏடுகளில் கலியாண்டு, சகம், கொல்லம், பசலி முதலியன நிரலே குறிக்கப்பெறும். அவை இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. இத்தொகுதியில் இல்லாமற் போனவையும் அவ்வேடுகளே.

ஆயினும் அறுபதாண்டுச் சுழற்சியே நமக்கு ஒரு சோதனையையும் தருகின்றது. தமிழ்நாட்டு வாக்கிய கணிதப்படி ஒரு சௌர ஆண்டின் அளவு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. இதனை அறுபதாற் பெருக்கின் 21,915 நாளும் 31 நாழிகையும் 15 விநாடியும் ஆகும். நாட்களை ஏழால் வகுக்க எஞ்சுவது ஐந்து. அதன்மேல் அரை நாளினும் சிறிது மிகுதி உள்ளது. எனவே, ஒரே பெயருடைய இரண்டு ஆண்டுகள் அறுபதாண்டு இடையிட்டு வருமாயின், பின்னதன் சித்திரை முதல் நாள் முன்னதன் கிழமையினின்று ஐந்தோ ஆறோ கிழமை தள்ளியே வரும். ஒருகாலும் அதே கிழமையில் வாராது. சூரியன் மேடத்திற் புகுவது பொழுது சாய்வதற்கு முன்னரோ பின்னரோ என்பதைப் பொறுத்து ஐந்தும் ஆறும் மாறும். சங்கிரமணம் பகலில் நேர்ந்தால் அன்றே மாதப் பிறப்பு, இரவில் நேர்ந்தால் மறுநாள் என்பது தமிழ்நாட்டு வழக்கு.

இம்முறையிற் கணக்கிட, 1876ஆம் ஆண்டில் தாது சித்திரை முதல் நாள் ஏப்பிரல் 11, செவ்வாய்க்கிழமை. 1936இல் ஏப்பிரல் 13, திங்கட்கிழமை. ஈசுவர ஆண்டோ 1877இல் ஏப்பிரல் 12 வியாழனன்றும், 1937இல் ஏப்பிரல் 13 செவ்வாயன்றும் பிறந்தது. முன்னதில் ஆறு கிழமை, பின்னதில் ஐந்து. நம் தொகுதியில் தாதுவின் சித்திரைப் பக்கம் திங்கட்கிழமையோடு தொடங்குகின்றது. ஈசுவரவின் பக்கம் செவ்வாயோடு. ஆங்கிலத் தேதிக்குரிய பத்தியில் இரண்டிலும் 13 என்றே உள்ளது. அவ்வளவே. பஞ்சத்துப் பஞ்சாங்கம் அறுபதாண்டு இளையதாகிவிட்டது.

ஒரு சான்றோடு அமைதல் கூடாது என்பதற்காகப் பண்டிகைக் குறிப்புக்களையும் பார்த்தோம். இசுலாமியர் ஆண்டு முற்றும் மதியை ஒட்டியது. ஆதலின் அறுபதாண்டுச் சுழற்சியோடு அது பொருந்தி வருவதில்லை. இரமலான் நோன்பு 1876இல் புரட்டாசியில் தொடங்கியது. 1936இல் ஐப்பசி முடியும் தறுவாயில் தொடங்கியது. நம் தொகுதியில் அக்குறிப்பு ஐப்பசியின் கடைசி வரிகளில் உள்ளது. முகப்பேடு இழந்த பஞ்சாங்கத்துக்குக் காலம் காண்பார் இவ்விரண்டு சோதனைகளையும் ஒருங்கே செய்துகொள்ளுதல் நலம். முன்னதற்கு ஒரு பெருக்கலும் வகுத்தலும் போதும்; பின்னதற்கு ஹிஜ்ரி ஆண்டு அட்டவணை ஒன்று வேண்டும். இவற்றைக் கேட்ட வாணிகர் சற்று நேரம் பேசாதிருந்து, ‘அப்படியானால் தோல் மட்டும் எப்படிப் பழையதாயிற்று?’ என்று வினவினார். நல்ல வினா அது.

அவ்வினாவுக்கு விடை காணுமுன், பஞ்சாங்கத்துக்கும் தோலுக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். மேனாட்டில் அவ்வுறவு நெருங்கியது. பாரிசு நகரில் டூரி என்னும் அச்சகத்தார் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அரச ஆண்டுக்குறிப்பு நூல்களின் படிகள், செம்மறியல்லாத உயர்ந்த ஆட்டுத்தோலிற் கட்டப்பெற்று, அரச குடும்பத்தார், அமைச்சர் முதலியோரின் இலச்சினைகள் பொன்னில் அழுத்தப்பெற்று, ஆண்டுதோறும் பரிசாக வழங்கப்பெற்றன. இலண்டனில் அச்சாளர் குழுவினர் வெளியிட்ட விரலளவினவாகிய சிறு பஞ்சாங்கங்களும் அழகிய தோலுறைகளில் அமைந்து, கைப்பையில் வைக்கும் அணிகலன் போலப் பயன்பட்டன. அந்நாட்டிற் பழம்பஞ்சாங்கம் திரட்டுவோர் கட்டடத்துக்கே விலை கொடுப்பதில் வியப்பில்லை. உள்ளே இருக்கும் திதியும் பிறையும் ஆண்டு கழிந்தபின் யாருக்கு வேண்டும்? கட்டடமோ கலைப்பொருள்.

நம் நாட்டில் நிலைமை வேறு. பஞ்சாங்கம் பூசையில் இருக்கும் பொருள். சித்திரை முதல் நாளிற் கோயிலிலும் வீட்டிலும் அதனைப் படித்துப் பலன் கேட்பர். பூசைக்குரியதனோடு விலங்கின் தோல் சேர்வதை ஆசாரமுடையோர் விரும்புவதில்லை. ஓலைச்சுவடிக்கு மரப்பலகையும் கயிறும் அமைந்தன போல, அச்சுப் பஞ்சாங்கத்துக்கு மெல்லிய வண்ணத்தாள் உறையும் மூலையில் ஒரு துளையும் அமைந்தன. அத்துளையில் நூல் கோத்து ஆணியில் மாட்டி வைப்பது எளிய வீடுகளின் வழக்கம். ஆகவே, தமிழ்ப் பஞ்சாங்கம் ஒன்று தோற்கட்டடத்திற் காணப்படுமாயின், அது பூசையறையினின்று வெளியேறி வேறோர் இடத்துக்குச் சென்றது என ஊகித்தற்கு இடமுண்டு. அவ்விடம் கச்சேரியாக இருக்கலாம், பாளையக்காரர் அரண்மனையாக இருக்கலாம், ஐரோப்பிய அறிஞர் ஒருவரின் நூலகமாக இருக்கலாம், வணிகரின் கணக்கறையாகவும் இருக்கலாம். சென்னை அசைலம் அச்சகத்தார் ஆங்கிலத்தில் ஆண்டுதோறும் வெளியிட்ட ஆண்டுக்குறிப்பு மேசைமேல் வைத்துப் புரட்டுதற்கென அமைந்தது. வலிய கட்டடம் அதற்குப் பொருந்தும். அதனைக் கண்டு பழகிய கண் தமிழ்ப் பஞ்சாங்கத்தையும் அவ்வாறே எதிர்பார்க்கின்றது. திரட்டுவோர் தோலைத் தேடுவதும் வாணிகர் தோலைக் காட்டுவதும் இப்பழக்கத்தின் விளைவே என்பது நம் கருத்து.

இனி வாணிகரின் வினாவுக்கு வருவோம். முதுகை மெல்ல விரித்து நோக்கியபோது, தாள்களின் மடிப்பில் உள்ள தையல் துளைகளும் கட்டடத்தின் நாடாக்கள் நிற்கும் இடங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அட்டையோ தாளைவிட மூன்று பக்கத்தும் ஒரு விரற்கிடை அகன்று நின்றது. முறையாகக் கட்டிய புத்தகத்தில் அட்டை நூலிழை அளவே வெளியே நீளும். முன்னட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த தாளின் கீழே, ஈரம் பட்டு உரிந்த ஓரிடத்தில், பற்று வரவுக் கோடுகளும் சிவப்பு மைப் பத்தியும் தெரிந்தன. ஐயம் நீங்கியது. இது பேரேடு ஒன்றின் கட்டடம். கணக்கு முடிந்த பேரேட்டின் உடலை நீக்கிவிட்டு, அதன் ஓட்டுக்குள் பஞ்சாங்கங்களை வைத்துத் தைத்திருக்கின்றனர். பேரேட்டுக்குத் தோல் முதுகு இடுவது வணிக வழக்கே. நாள்தோறும் பலமுறை விரித்து மூடுவதைத் துணி முதுகு நெடுங்காலம் தாங்காது.

எனவே கட்டடம் நூலினும் மூத்தது. சங்கினுட் புகுந்து வாழும் நண்டைப் பார்த்துச் சங்கின் அகவையை நண்டுக்கு ஏற்றிக் கூறுவார் உளரோ? பழம்பொருட் கடைகளில் அப்படிக் கூறுவார் உளர்.

வாணிகரின் ஆர்வம் இவ்விடத்தோடு அடங்கியது. நம் ஆர்வமோ இங்கேதான் தொடங்கிற்று எனல் வேண்டும். பேரேட்டின் கட்டடத்துள் பஞ்சாங்கத்தை வைத்தவர் கணக்கறையோடு தொடர்புடையவர் என்பது தெளிவு. ஓரங்களில் உள்ள குறிப்புக்களும் அதற்குச் சான்றாக உள்ளன. கம்போடியாப் பருத்தி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோயம்புத்தூர் மாவட்டத்திற் பரவியது. பருத்தி வாணிகமும் அரைவை ஆலைகளும் திருப்பூரை வளர்த்தன. பின்னல் ஆடைக்குப் பெயர் பெறுமுன்னரே அவ்வூர் பஞ்சுப் பொதிக்கும் கதருக்கும் பெயர் பெற்றிருந்தது. நம் தொகுதியில் புரட்டாசிப் பக்கங்களில் ‘விதைப்பு’ எனவும், மாசியிலும் பங்குனியிலும் ‘பொதி’ எனவும், இடையிடையே ‘மழை’ எனவும் கறுப்பு மையில் எழுதப்பெற்றுள்ளன. எழுதியவர் கை நிதானமானது. எண்களைத் தமிழ் எண்களாகவே குறித்துள்ளார். பஞ்சாங்கத்தின் முன்பகுதியில் மழையை மரக்காலால் அளந்து, கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, நிலத்துக்கு இத்தனை பங்கு என்று பலன் கூறும் வழக்கம் உண்டு. அப்பலன் ஒருபுறம் இருக்க, மெய்யாகவே எந்நாளில் மழை பெய்தது என்பதைத் தம் ஓரத்தில் இவர் எழுதி வந்திருக்கின்றார். அவர் பலனை நம்பவில்லை என்று கூற இயலாது. ஒப்பிட்டுப் பார்த்தார் என்று மட்டும் கூறலாம்.

இங்கேதான் தோற்கட்டடம் செய்த தீங்கு புலனாகின்றது. இரண்டு பஞ்சாங்கங்களும் அளவில் சிறிது வேறுபட்டவை. அவற்றை ஒரே ஓட்டுக்குள் அடக்கி விளிம்பைச் சமன் செய்வதற்காகக் கட்டுவோர் மூன்று பக்கத்தும் கத்தியை ஓட்டியிருக்கின்றனர். வலப்பக்க ஓரக் குறிப்புக்களின் இறுதி எழுத்துக்கள் அக்கத்திக்கு இரையாயின. பங்குனியில் ஓரிடத்தில் ‘பொதி ௧’ என்றிருக்கின்றது. அதன்பின் தாள் இல்லை. ஒரு பொதியா, பன்னிரண்டு பொதியா, நூற்றிருபது பொதியா? ஒரு சிறு குடியானவரின் விளைச்சலுக்கும் ஒரு வணிகரின் கொள்முதலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு முழுவதும் அரை விரல் அகலத் தாளோடு குப்பைக்குச் சென்றுவிட்டது. மழைக் குறிப்புக்களிலும் இத்தகைய இழப்பு உண்டு. ‘மழை’ என்ற சொல்லுக்குப்பின் ஓர் எழுத்தின் இடப்பாதி மட்டும் நிற்கின்றது. பெய்ததா, பொய்த்ததா என்பதை அவ்வெழுத்தைக் கொண்டு துணிதல் அரிது. அது ‘பெ’ ஆகலாம், ‘பொ’ ஆகலாம். இரண்டிற்கும் கொம்பு ஒன்றே.

மேலுறையை நீக்கியதும் அக்கட்டுவோரே ஆதல் வேண்டும். மெல்லிய வண்ணத்தாளைத் தைக்க இயலாது, தைத்தாலும் நில்லாது. ஆனால் பஞ்சாங்க மேலுறை வீண்தாள் அன்று. பாம்புப் பஞ்சாங்கம் தன் மேலுறைப் படத்தாலேயே பெயர் பெற்றது. பதிப்பித்தவர் பெயர், அச்சுக்கூடம், விலை, மருந்துக் கடை விளம்பரம் முதலியவற்றுக்கு இடம் மேலுறையே. 1835ஆம் ஆண்டில் அச்சுக்கூடம் நடத்துதற்கு இருந்த தடை தளர்ந்த பின்னர்த் தமிழர் தாமே அச்சிட்டு விற்ற மலிவு நூல்களின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு அவ்வுறைகள் முதற்சான்றுகளாகும். இதனால் ஒரு முரண் விளைகின்றது: கட்டிக் காக்கப்பெற்ற பஞ்சாங்கங்கள் உறையும் ஓரமும் இழந்தன, கட்டாமல் ஆணியில் தொங்கியவை உறையோடும் ஓரத்தோடும் இருந்து, இருந்தபடியே அழிந்தன. தப்பிப் பிழைத்த சில தனியேடுகள் அழுக்கும் கிழிசலுமாகப் பழந்தாட் கடையில் எடைக்கு விற்கப்படுகின்றன. அவற்றையே நாம் மேலானவை என்று கருதுகின்றோம். நம் நண்பர் சிலர் இதனை ஒப்புவதில்லை. கட்டடம் இன்றேல் உள்ளதும் கிடைத்திராது என்பது அவர் வாதம். அவ்வாதத்தை முற்றும் மறுக்கவும் இயலவில்லை. நம் தொகுதியே அதற்குச் சான்று.

தோல் காக்கின்றது என்னும் எண்ணத்திற்கே ஒரு வரம்பு உண்டு. தொகுதியைக் கையிலெடுத்த போதெல்லாம் விரல்களிற் செந்தூள் ஒட்டியது. வாணிகர் அதனைப் பழமையின் அடையாளம் என்றார். அது பழமை அன்று, நோய். தென்னாட்டிற் பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் சந்தைக்குக் கப்பல் கப்பலாகச் சென்றன. அவற்றைப் பதனிட்டது பெரும்பாலும் ஆவாரம்பட்டையால். பின்னர்க் கடுக்காய் நீரில் தோய்த்து நிறத்தைத் தெளிவிப்பர். ஆவாரை கொங்கு நாட்டு மேட்டுநிலங்களிற் பொன்னிறப் பூவோடு எங்கும் நிற்பதை அறிவோம். நூலகங்களில் தோற்கட்டடங்கள் பொடிந்து உதிர்வதைக் கண்ட இலண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் 1900இல் ஒரு குழுவை அமைத்தது. 1901இலும் 1905இலும் வெளிவந்த அதன் அறிக்கைகள், புத்தகக் கட்டடத்துக்கு மிகவும் தகாதவை எனக் குறித்த தோல்களுள் நம் நாட்டு ஆவாரம்பட்டைத் தோலும் ஒன்று. காரணம் இரசாயனம் பற்றியது. துவர்ப்பொருள்களுள் கட்டெக்கால் வகை, பைரோகல்லால் வகை என இரண்டுண்டு. ஆவாரம்பட்டையின் துவர் முன்னது. கடுக்காயின் துவர் பின்னது. முன்னதாற் பதனிட்ட தோல் காற்றிலுள்ள கந்தகப் புகையை ஏற்று அமிலமாக்கித் தன்னைத்தானே அரித்துக்கொள்கின்றது. செந்தூள் அவ்வரிப்பின் எச்சம். செருப்புக்கும் சேணத்துக்கும் சிறந்த தோல் நூலுக்குக் கூற்றாகும் என்பதைப் பதனிட்டவர் அறியார். வாங்கியவரும் நெடுநாள் அறிந்திலர்.

செந்தூள் தோலோடு நிற்பதில்லை. தோல் ஒட்டிய ஏடுகளின் ஓரங்கள் பழுப்பேறி, மடித்தால் முறிகின்றன. நம் தொகுதியின் முதல் நான்கு ஏடுகளும் இறுதி மூன்று ஏடுகளும் அந்நிலையில் உள்ளன. பின்னலாடை ஊர்களின் வீடுகளுக்கு இன்னுமோர் இடர்: எங்கும் படியும் பஞ்சுத்தூசி. அது முதுகின் இடுக்குகளிற் புகுந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றது. ஈரம் இருக்குமிடத்தில் கஞ்சிப்பசையைத் தேடி இராமபாணப் பூச்சி வருகின்றது. பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பழங்கட்டடங்களைப் பூச்சி தொடுவது குறைவு. இப்பேரேட்டைக் கட்டியவர் துத்தம் சேர்த்திலர் போலும்.

இத்தகைய தொகுதியைப் பெற்றோர் செய்யும் முதற்பிழை எண்ணெய் தடவுதல். பொலிவு வரும் என்று விளக்கெண்ணெயோ வேப்பெண்ணெயோ பூசுகின்றனர். பொடிந்த தோல் எண்ணெயைக் குடித்துக் கறுத்து, மேலும் இறுகி வெடிக்கின்றது. எண்ணெய் தாளுக்கும் ஊறுகின்றது. ஆல்ககாலிற் கரைத்த செல்லுலோசுப் பசையை மெல்லிய தூரிகையால் தடவித் தூளை நிலைநிறுத்துதலே நூற்காப்பாளர் இன்று கைக்கொள்ளும் முறை. இரண்டாம் பிழை புதிதாகக் கட்டுவித்தல். மறுபடியும் கட்டடம் என்றால் மறுபடியும் கத்தி. இப்போதுள்ள ஓரமும் போய்விடும். அமிலமற்ற தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் கிடையாக வைத்தலே போதும். கட்டடத்தை நீக்க நேர்ந்தாலும், அதனை எறிந்துவிடாமல் உடன் வைத்தல் வேண்டும். பேரேட்டின் ஓடு இல்லையேல், இப்பஞ்சாங்கம் கணக்கறையில் வாழ்ந்தது என்பதை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

இவ்வளவு முயற்சிக்குப் பஞ்சாங்கம் தகுமோ என வினவுவாரும் உளர். கணித அட்டவணைகள் இருக்கையில் பழம்பஞ்சாங்கம் எதற்கு என்பர். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அவர்கள் 1922இல் வெளியிட்ட ‘இந்தியன் எபிமெரிஸ்’ கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளின் திதியையும் நட்சத்திரத்தையும் தருகின்றது. பரிபாடலின் பதினோராம் பாடலுக்கும் சிலப்பதிகாரத்துக்கும் அவர் வானியலாற் காலம் காண முயன்றதும், அம்முடிபுகளைப் பலர் மறுத்ததும் நம் மாணாக்கர் அறிந்தனவே. அவர்தம் உழைப்பு ஈடற்றது. ஆயினும் கணித அட்டவணை தருவது கணித்தால் வரும் திதியை. பல்லடத்து வீட்டில் ஒருவர் கையில் இருந்த பஞ்சாங்கம் காட்டியது வேறாக இருத்தல் கூடும்.

இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது? பழைய பஞ்சாங்க கணிதர் மதியின் நிலையை 248 வாக்கியங்களால் மனப்பாடமாக வைத்திருந்தனர். மதி தன் அண்மை நிலையினின்று புறப்பட்டு மீண்டும் அந்நிலை எய்தும் சுற்று ஒன்பது முடிதற்கு ஏறத்தாழ 248 நாள் ஆகும்; நாளுக்கு ஒரு வாக்கியம். வாக்கியத்தின் எழுத்துக்களே எண்கள். 1825இல் சென்னையில் அச்சான ‘காலசங்கலித’ நூலில் ஜான் வாரன் என்பார் ஒரு செய்தி குறித்துள்ளார்: புதுச்சேரியிற் பஞ்சாங்க கணிதர் ஒருவர் நிலத்தில் சோழிகளைப் பரப்பி, ஏட்டைப் பாராது மனப்பாட அட்டவணைகளைக் கொண்டே, அவ்வாண்டு மே இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். நியூகெபவர் 1952இல் அக்கணக்கைச் சோதித்து, தொடக்க நேரம் நான்கு நிமிடமே பிழைத்தது என்றும், முடிவு நேரம் ஏறக்குறைய ஒரு மணி அளவு பிழைத்தது என்றும் காட்டினார். இப்பிழைகளை நீக்க விரும்பியோர் திருக்கணிதத்தைக் கைக்கொண்டனர். சென்னை வானாராய்ச்சி நிலையத்திற் பணியாற்றி, 1867இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் அவருள் முன்னோடி. திருக்கணிதப் பஞ்சாங்கத்தை ஆண்டுதோறும் வெளியிட்டார். அன்றுதொட்டு வாக்கியமும் திருக்கணிதமும் அருகருகே வழங்குகின்றன. ஒரே நாளில் திதி முடியும் நேரம் இரண்டிலும் பல நாழிகை வேறுபடுதல் உண்டு. எனவே, ஒரு பத்திரமோ கடிதமோ திதியால் நாள் குறித்து, அது அட்டவணையோடு பொருந்தாவிடின், எழுதியவர் பிழைத்தார் என்று உடனே துணிதல் கூடாது. அவ்வூரில் அவ்வாண்டு வழங்கிய பஞ்சாங்கம் எது என்று கேட்டல் வேண்டும். அக்கேள்விக்கு விடை பழம்பஞ்சாங்கம் ஒன்றிலன்றி வேறெங்கும் இல்லை. நம் தொகுதி வாக்கிய முறையினது என்பதை அதன் அமாவாசை நாழிகைகளைத் திருக்கணிதத்தோடு ஒப்பிட்டு அறிந்தோம்.

நூலகங்கள் பஞ்சாங்கத்தை நூலாக மதித்து வரிசைப்படுத்துவது அரிது. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் நூல்களோடு திருமண அழைப்பிதழ், துண்டு வெளியீடு முதலியவற்றையும் ஒதுக்காது திரட்டியமையாலன்றோ, 1994இல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகம் இத்துணைப் பயன்படுகின்றது? திருப்பூர் வட்டாரத்தில் அத்தகைய திரட்டு ஒன்றைத் தொடங்குதற்குக் காலம் மிகவும் குறுகியது. பஞ்சுக் கிட்டங்கிகளும் தொட்டிக்கட்டு வீடுகளும் இடிபட்டு அவ்விடங்களில் பின்னலாடைக் கூடங்கள் எழுகின்றன. வீடு இடிபடும் நாளில் பரணிலுள்ள தாள் முழுவதும் ஒரே மூட்டையாகக் கட்டப்பெற்று எடைக்குப் போகின்றது. தோல் முதுகுடையது தென்படின் அதனை மட்டும் உருவி எடுத்து வேறு வைக்கின்றனர். எஞ்சியவை கூழாகின்றன. திரட்டுவோர் தோலுக்கு மட்டும் விலை தரும்வரை இந்நிலை மாறாது. ஆணித்துளையுடைய தனிப் பஞ்சாங்கங்களுக்கும் சிறிது விலை தருவதாக ஈரிடத்துப் பழந்தாட் கடைக்காரரிடம் நாம் சொல்லி வைத்தோம். முதலாமவர் சிரித்தார். மற்றவர் இரண்டு திங்களுக்குள் பதினேழு பஞ்சாங்கங்களைச் சணல் கயிற்றாற் கட்டி அனுப்பினார். அவற்றுள் ஒன்பதில் ஓரக் குறிப்புக்கள் உள்ளன. அவற்றைப் பற்றிப் பின்னர் எழுதுவோம்.

அவிநாசித் தொகுதியைப் பற்றி ஒரு சொல். 1936ஆம் ஆண்டினது என்று அறிந்தபின் வாணிகர் தாமே விலையைக் குறைத்தார். ‘தோலுக்கு மட்டும் கொடுங்கள்’ என்றார். அவ்விலைக்கே பெற்றோம். ஏடுகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்த பின்னர், ஓட்டினின்று பிரித்து ஒரு பெட்டியிலும், பேரேட்டின் ஓட்டை மற்றொரு பெட்டியிலும் வைத்துள்ளோம். பிரிக்கும்பொழுது முதுகின் உட்புறத்தில், தாளைத் தாங்குவதற்காக ஒட்டப்பெற்ற ஒரு நீண்ட துண்டு கிடைத்தது. அது பஞ்சாங்கத்தின் வலப்பக்க ஓரத்தினின்று வெட்டப்பெற்ற தாளே. அதில் கறுப்பு மையில் எழுத்துக்களின் வலப்பாதிகள் நிரையாக உள்ளன. அவற்றுள் இரண்டு வரிகளை உரிய பக்கங்களோடு பொருத்திவிட்டோம். ‘பொதி ௧’ என்பதற்குரிய வரி இன்னும் அகப்படவில்லை.